நாம் முடிச்சுப் போட்ட பையை அவிழ்ப்பது யார்?

வேளச்சேரியில் நம் அடுக்குமாடிக் குடியிருப்பின் நலச் சங்க நிர்வாகிகளுக்கும் 72 வீட்டுக்காரர்களுக்கும்,

வணக்கம்.

மூன்றாம் மாடியில் இருக்கும் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை எழுதுகிறேன். போன மாதப் பொதுக்குழுவில் குப்பை பற்றி ஒரு தீர்மானம் வந்தது. வீட்டுக்கு வீடு பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி என்று பிரித்துவைப்பது ஒத்துவரவில்லை. எல்லாரும் ஒரே பையில் கட்டி வாசலில் வைத்துவிடலாம், கீழே ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் பிரித்துக்கொள்வார்கள், அதற்காக வீட்டுக்கு மாதம் 100 ரூபாய் மெயின்டனன்ஸில் சேர்த்துக்கொள்ளலாம் என்பது தீர்மானம். பெரும்பாலானவர்கள் கை தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. பேச எழுந்தபோது, நேரமாகிவிட்டது, லிஃப்ட் விஷயம் இன்னும் பாக்கி இருக்கிறது என்றார்கள். சரி என்று உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்திருக்கக் கூடாது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

தாம்பரம் பக்கம் என் தங்கையின் குடியிருப்பிலும், அண்ணா நகரில் என் பழைய மாணவி ஒருத்தியின் குடியிருப்பிலும் இதே பேச்சு ஓடுகிறதாம். அதனால் நமக்குள் மட்டும் சுற்றுக்கு விடாமல் எல்லாரும் படிக்கும்படி திறந்த மடலாகவே எழுதுகிறேன். யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. கை தூக்கியவர்களில் பலர், போன வருஷம் எனக்குக் காய்ச்சல் கண்டபோது கஞ்சி வைத்துக் கொண்டுவந்து கொடுத்தவர்கள்.

முதலில் நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஜூன் மாதம் ஒரு நாள் காலை ஆறரை மணி இருக்கும். குழாயில் தண்ணீர் வரவில்லை, மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்கக் கீழே இறங்கினேன். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால், சுவர் ஓரமாக, நம் ஹவுஸ்கீப்பிங் அம்மா ஒரு உடைந்த பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரில் நம் எல்லார் வீட்டுப் பைகளும் குவிந்து கிடந்தன. முந்தானையை மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்தார். இடது கையில் கிளவுஸ் இருந்தது. வலது கை வெறும் கை. ஏன் ஒரு கைக்கு மட்டும் என்று கேட்டேன். "கிளவுஸ் போட்டா முடிச்சு அவுராதும்மா" என்றார்.

நாம் நாற்றம் வெளியே வரக் கூடாது என்று இரண்டு முடிச்சு, மூன்று முடிச்சு போட்டு இறுக்கிக் கட்டுகிறோம் இல்லையா, அந்த முடிச்சு. அதை அவர் விரல் நகத்தால் நெம்பி அவிழ்க்கிறார். அவிழாவிட்டால் கிழிக்கிறார். நான் நின்றிருந்த ஐந்து நிமிடத்தில் ஒரு பையிலிருந்து சாம்பாரில் ஊறிய செய்தித்தாள், பந்து மாதிரி சுருட்டிய குழந்தை டயப்பர், பாதி தின்ற பிரியாணி டப்பா, உடைந்த கண்ணாடி டம்ளர், அப்புறம் மூடி இல்லாத ஒரு இன்சுலின் ஊசி எல்லாம் வந்தன. ஊசியைத் தனியாக எடுத்து ஒரு டப்பாவில் போட்டார். "இதாம்மா பயம். முந்தாநாள் குத்திடுச்சு" என்று ஆள்காட்டி விரலைக் காட்டினார். விரல் நுனியில் சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி. டாக்டரிடம் போனீர்களா என்றேன். மஞ்சள் வைத்ததாகச் சொன்னார்.

என் கணவருக்குத் தினமும் இன்சுலின் போடுகிறோம். அந்த ஊசி எங்கள் வீட்டு ஊசி இல்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மேலே வந்து வெகுநேரம் சமையல் அறையில் வேலை ஓடாமல் நின்றிருந்தேன். அன்று மாலையே அந்த அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தப் பரிசோதனை எடுக்க வைத்தோம். நல்லவேளை, அந்தப் பரிசோதனையில் எதுவும் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் நல்லவேளையை நம்பியா ஒரு மனுஷியை வேலைக்கு வைத்திருப்பது?

நான் பிறந்தது திருவல்லிக்கேணியில். பார்த்தசாரதி கோயிலுக்குப் பின்னால் ஒரு ஒண்டுக்குடித்தன வீடு, எட்டுக் குடும்பம். அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் எங்கள் வீட்டுக் குப்பை என்னவாக இருந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். குப்பை என்று ஒன்று ஏறக்குறைய இல்லவே இல்லை. அரிசி களைந்த தண்ணீர், காய்கறித் தோல், வாழைப்பழத் தோல், வடித்த கஞ்சியில் மிச்சம் எல்லாம் வாசலில் இருந்த கழுநீர்த் தொட்டிக்குப் போகும். மாட்டுக்காரர் காலையும் மாலையும் வந்து வாளியில் மொண்டுகொண்டு போவார். அடுப்புச் சாம்பல் பாத்திரம் தேய்க்க. தேங்காய் நார் அந்தச் சாம்பலோடு சேர்ந்து தேய்ப்பதற்கு. கொட்டாங்குச்சி வெந்நீர் அடுப்புக்கு. பால் கண்ணாடி பாட்டிலில் வரும்; காலி பாட்டிலைக் கொடுத்தால்தான் நிறை பாட்டில். மளிகை சாமான் பேப்பர் பொட்டலத்தில் வரும், பொட்டலம் கட்டிய சணல் நூலைக்கூட அம்மா உருண்டையாகச் சுற்றி ஆணியில் மாட்டி வைத்திருப்பார். எண்ணெய்க்கு நாம்தான் தூக்கு கொண்டுபோக வேண்டும்.

தேய்ந்துபோனதற்கும் தெருவில் ஆள் வருவார்கள். பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு தள்ளுவண்டிக்காரர் வருவார். கைப்பிடி போன இரும்புக் கரண்டிக்கு உள்ளங்கை அகலத்துக்குப் பேரீச்சம்பழம் கிடைக்கும். கிழிந்த பட்டுப் புடவைக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கும் அம்மாவிடம் என் பாட்டி ஒரு மணி நேரம் பேரம் பேசுவார். செய்தித்தாள் மாதக் கடைசியில் பழைய பேப்பர் கடைக்குப் போகும். அந்தக் காசில்தான் எனக்கு நோட்டுப் புத்தகம். வாசல் பெருக்கிய மண்ணும் சருகும் மட்டும் தெருக்கோடியில் இருந்த சிமெண்ட் வளையத் தொட்டிக்குப் போகும்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அதே தெருவின் பின் சந்தில் எடுப்புக் கக்கூஸ் இருந்தது. தலையில் வாளி சுமந்து வந்தவர்களை வீட்டுக்குள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கத் தனிச் சொம்பு. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்க நாட்டில் சட்டம் வந்ததே 1993இல்தான்; அது போதாமல் 2013இல் இன்னொரு சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அதனால் பழசெல்லாம் நல்லது என்று நான் பேச மாட்டேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: அப்போது அடுக்களையில் எதுவும் எதோடும் கலக்கவில்லை. என் அம்மா எந்தச் சட்டத்தையும் படித்தவரில்லை. ஒவ்வொன்றுக்கும் போக ஒரு வழி இருந்தது, அதனதன் வழியில் அனுப்பினார், அவ்வளவுதான்.

கலக்க ஆரம்பித்தது பிளாஸ்டிக் பை வந்த பிறகு. எண்பதுகளில் கடைக்காரர்கள் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். கட்டிப் போட ஒரு பை கையில் இருந்தால், எல்லாவற்றையும் அதில் போட்டுக் கட்டிவிடலாம் என்று கைக்குத் தோன்றிவிடுகிறது. கொஞ்ச நாளில் தெருமுனைத் தொட்டிகள் வழிந்தன. மாடு பையோடு சேர்த்துத் தின்றது. நாய் கிழித்தது. வளையத் தொட்டிக்குள் குப்பை இருந்ததைவிட வெளியே கிடந்ததே அதிகம்.

நான் கல்யாணமாகி வேளச்சேரிக்கு வந்த பிறகு, தொண்ணூறுகளில் எங்கள் தெருவுக்கு மூன்று சக்கர சைக்கிள் வண்டி வந்தது நினைவிருக்கிறது. வங்கியில் பணியாற்றிய எம்.பி. நிர்மல் 1989இல் சென்னையில் தொடங்கிய எக்ஸ்னோரா என்ற தன்னார்வ அமைப்பின் முறை அது. தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு வண்டி வாங்குவது, ஒருவரை வேலைக்கு அமர்த்துவது, வீட்டுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் போட்டு அவருக்குச் சம்பளம் கொடுப்பது. அவரைக் குப்பைக்காரர் என்று சொல்லக் கூடாது, தெருவை அழகாக்குகிறவர் என்று சொல்ல வேண்டும் என்றார்கள். எங்கள் தெருவில் வீட்டுக்கு 10 ரூபாய். விசில் ஊதிக்கொண்டு வருவார். அவர் பெயர் தெரியும், அவர் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று தெரியும். பொங்கலுக்கு வேட்டி எடுத்துக் கொடுப்போம். அவர் முகத்துக்கு நேராகத்தான் கூடையைக் கொடுக்க வேண்டும் என்பதால் கன்னாபின்னாவென்று எதையும் போட எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சம் நல்ல கூச்சம். இன்றைக்கு நாம் இரவு பத்து மணிக்குப் பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிடுகிறோம். எடுப்பவர் முகத்தைப் பார்ப்பதே இல்லை.

2000இல் மாநகராட்சி சில மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலையை ஓனிக்ஸ் என்ற வெளிநாட்டு நிறுவனத்திடம் கொடுத்தது. தெருவில் புதுத் தொட்டிகள் வந்தன, சீருடை வந்தது, தொட்டியைத் தூக்கிக் கவிழ்க்கும் லாரி வந்தது. தெரு உண்மையிலேயே சுத்தமானது. நிறுவனம் போய் எத்தனையோ வருஷம் ஆன பிறகும் எங்கள் பக்கத்தில் குப்பை வண்டி என்றால் ஓனிக்ஸ் வண்டி என்றுதான் பேசிக்கொண்டோம். 2007இல் வேறு நிறுவனம், 2012இல் இன்னொன்று, 2020இல் மறுபடி வேறு. பேட்டரி வண்டி வந்தது அப்போதுதான். இடையில் துப்புரவுப் பணியாளர் என்ற சொல் மாறித் தூய்மைப் பணியாளர் ஆனது.

இதில் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்த முதல் ஒப்பந்தங்களில் எடைக்குத்தான் பணம். எத்தனை டன் அள்ளிக் கிடங்கில் கொட்டுகிறோமோ அதற்கு ரூபாய். அப்படி இருக்கும்போது வீட்டில் பிரித்துக் கொடுங்கள் என்று கேட்க யாருக்கு என்ன அவசியம்? ஈரமும் காய்ந்ததும் கலந்து நசநசவென்று இருந்தால்தான் எடை கூடும். பிரித்துவைக்க வேண்டும் என்று மத்திய அரசின் விதி 2000ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. விதி காகிதத்தில் இருந்தது, காசு எடையில் இருந்தது. நமக்கும் அது வசதியாகப் போய்விட்டது. வாசலைத் தாண்டினால் நம் பொறுப்பு முடிந்தது என்று இருபது வருஷம் பழகிவிட்டோம். நம் பிள்ளைகளும் அதைப் பார்த்துத்தான் வளர்ந்தார்கள். அதனால் இன்றைக்கு முப்பது வயதுக்காரர்களுக்கு வாழைப்பழத் தோலையும் பால் கவரையும் வேறு வேறு இடத்தில் போடுவது புதுப் பழக்கமாகத் தெரிகிறது. என்னைப் போன்றவர்களுக்கு அது பழைய பழக்கம், விட்டுப்போனது.

நாம் கலந்து கட்டியதெல்லாம் எங்கே போனது? ரொம்பத் தூரம் இல்லை. தென்சென்னைக் குப்பை பெருங்குடிக்கு, வடசென்னைக் குப்பை கொடுங்கையூருக்கு. பெருங்குடிக் கிடங்கு சுமார் 225 ஏக்கர், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் மேலேயே இருக்கிறது. அந்த நிலம் மழைத் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல ஒக்கியம் மடுவு வழியாக விடுகிற இடம். 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதாவது உலகமே பாதுகாக்க வேண்டிய ஈரநிலம் என்ற அந்தஸ்து. அதே ஆண்டு ஏப்ரல் கடைசியில் கிடங்கு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்ததை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். மே மாத வெயிலுக்கு முன்னால், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, வாசல் இடுக்கில் ஈரத் துணி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இரண்டாம் மாடிக் குழந்தைக்கு நெபுலைசர் வைத்தார்களே. காய்கறிக் கழிவு காற்றுப் படாமல் அடியில் அழுகினால் மீத்தேன் வரும், மீத்தேன் எரியும், மேலே கிடக்கும் பிளாஸ்டிக் அதற்கு விறகாகும். தனித்தனியாக இருந்தால் ஒன்று எருவாகும், இன்னொன்று பழைய பேப்பர் கடைக்குப் போகும். சேர்ந்தால் புகை.

இப்போது அந்த மலைகளை என்ன செய்கிறார்கள் தெரியுமா? பயோமைனிங் என்கிறார்கள். வெட்டி எடுத்து, சலித்து, மண் தனி, கல் தனி, பிளாஸ்டிக் தனி, துணி தனி என்று பிரிக்கிறார்கள். வேலை தொடங்கும் முன் கொடுங்கையூரில் மட்டும் 66 லட்சம் டன்னுக்கு மேல் கிடந்தது. அதைப் பிரிக்கத் திட்டச் செலவு சுமார் 640 கோடி ரூபாய். முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்னால் நம் அடுக்களைகளில் அரை நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு இப்போது நம் வரிப்பணம் கோடிக்கணக்கில் போகிறது. நகரத்தில் தினமும் 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. இந்தப் பக்கம் பழைய மலையைக் கரைத்துக்கொண்டே அந்தப் பக்கம் புது மலையை ஏற்றினால் எப்போது முடியும்?

2015 டிசம்பர் வெள்ளத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். தண்ணீர் வடிந்த பிறகு நம் தெருவில் இடுப்பளவுக்கு மெத்தை, சோபா, நனைந்த புத்தகம், செத்த எலி. என் வீட்டு மாடியிலிருந்து பார்த்தேன். வெளி மாவட்டங்களிலிருந்து பஸ்ஸில் கூட்டிவந்த பணியாளர்கள் வெறுங்காலோடு அதில் இறங்கினார்கள். அவர்கள் வீட்டிலும் மழைதான். நம் கீழ்த்தளத்தில் நின்று ஒருவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். பாட்டில் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, காலிப் பாட்டிலைக் கீழே போடாமல் இடுப்பில் செருகிக்கொண்டார். அந்த ஊரே குப்பையாகக் கிடந்தபோது, ஒரு பாட்டிலைக்கூடச் சேர்த்துப் போட அவருக்கு மனம் வரவில்லை.

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலப் பணியாளர்கள் தங்கள் வேலை தனியாருக்குப் போவதை எதிர்த்து ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. அந்தச் செய்தியைப் பார்த்து நம் குழுவில் பலர் வருத்தப்பட்டு எழுதினார்கள். கொரோனாவில் நமக்காகத் தெருவில் நின்றவர்களுக்கா இந்த நிலைமை என்று ஒருவர் கேட்டிருந்தார். உண்மையான வருத்தம்தான் அது, எனக்குத் தெரியும். அந்த வருத்தத்தில் ஒரு சின்ன பங்கை நம் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். அரசு என்ன கொள்கை வைத்தாலும், எந்த நிறுவனம் வந்தாலும், நாம் போட்ட முடிச்சை யாரோ ஒருவர் வெறும் கையால் அவிழ்க்கிற நிலைமை மட்டும் இத்தனை வருஷத்தில் மாறவே இல்லை. அதை மாற்ற கமிஷனர் உத்தரவு தேவையில்லை. 72 வீடுகள் மனசு வைத்தால் போதும்.

கூட்டத்தில் சொன்ன காரணங்களுக்கு வருகிறேன்.

சொத்து வரி கட்டுகிறோம், பிரிப்பது அவர்கள் வேலை என்று ஒரு தம்பி சொன்னார். இல்லை தம்பி. 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளே, உண்டாக்குகிற இடத்திலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் ஆபத்தான குப்பை என்று மூன்றாகப் பிரிப்பது வீட்டுக்காரர் கடமை என்று தெளிவாகச் சொல்லிவிட்டன; அவற்றுக்குப் பதிலாக 2026இல் வந்த விதிகள் அதை நான்காக்கிவிட்டன. நாப்கின், டயப்பரை நன்றாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும் என்பதும் 2016 விதிகளிலேயே இருந்தது. 100 ரூபாய் கொடுத்து வேறொருவர் தலையில் கட்டுவதற்கு விதியில் இடமில்லை.

வேலைக்குப் போகிற வீடு, நேரம் இல்லை என்றார்கள். நான் முப்பத்திரண்டு வருஷம் வேலைக்குப் போனவள். தனியாக நேரம் எதுவும் வேண்டாம். ஒரு கூடைக்குப் பதில் இரண்டு கூடை, அவ்வளவுதான் வித்தியாசம். தோலை எறியும்போது கை இடது பக்கம் போகிறதா வலது பக்கம் போகிறதா என்பதில் என்ன நேரம் செலவாகப் போகிறது? பத்து நாள் தவறும். பதினோராம் நாள் கையே பார்த்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய என் கணவர் கற்றுக்கொண்டார்.

நாம் பிரித்துக் கொடுத்தாலும் லாரியில் ஒன்றாகத்தான் கொட்டுகிறார்கள் என்பதுதான் எல்லாரும் தலையாட்டிய காரணம். இதை நான் மறுக்கவில்லை. நானே இரண்டு முறை கண்ணால் பார்த்திருக்கிறேன், வயிறு எரிந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். நம் பை கலந்தே போனால், ஏன் கலக்கிறீர்கள் என்று கேட்க நமக்கு வாய் ஏது? பிரித்துக் கொடுத்துவிட்டு வண்டி பக்கத்தில் நின்றால் கேட்கலாம், வார்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம், கவுன்சிலரைக் கூட்டிவந்து காட்டலாம். நானும் வருகிறேன், காலை ஏழு மணிக்கு வண்டிக்குப் பக்கத்தில் நிற்க எனக்கு ஓய்வு இருக்கிறது. இன்னொன்று, நன்றாகக் காய்ந்த பேப்பர், அட்டை, பாட்டில், கழுவிய பால் கவர் இதெல்லாம் அந்த லாரியில் ஏறவே வேண்டியதில்லை. மெயின் ரோட்டுப் பழைய பேப்பர் கடைக்காரர் வாரம் ஒரு முறை வந்து எடுத்துக்கொள்ளத் தயார் என்கிறார், கேட்டுவிட்டேன். ஈரம் பட்ட பேப்பரை மட்டும் தொட மாட்டாராம். சாம்பார் ஊறிய பேப்பருக்கும் சும்மா கிடந்த பேப்பருக்கும் நடுவில் இருப்பது நம் ஒரு கை அசைவு.

நாற்றம், பூச்சி என்று பயப்படுகிறவர்கள் என் பால்கனிக்கு வாருங்கள். இரண்டு மண் பானை வைத்திருக்கிறேன், பக்கத்தில் ஓட்டை போட்டது. அடியில் தென்னை நார்த் தூள், மேலே அன்றன்றைக்குக் காய்கறித் தோல், அதன் மேல் ஒரு பிடி சருகு. ஆரம்பிக்கும்போது ஒரு கரண்டி புளித்த மோர் தெளித்தேன். நசநசப்பு வந்தால் சருகைக் கூட்டுங்கள், நாற்றம் நின்றுவிடும். சின்ன ஈ மொய்த்தால் வேப்பம் புண்ணாக்குத் தூள் கொஞ்சம். மழைக்காலத்தில் மூடி சரியாக இருக்க வேண்டும். போன ஐப்பசியில் நான் அசட்டையாக இருந்து ஒரு பானை முழுக்கச் சேறாகிவிட்டது, மறுபடி காயவைத்து எடுத்தேன். ஒன்றரை, இரண்டு மாதத்தில் கையில் எடுத்தால் கறுப்பாக, உதிரியாக, மழை பெய்த மண் வாசனையோடு வரும். என் கறிவேப்பிலைச் செடி அதில்தான் நிற்கிறது. நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் இந்த ஈரக் குப்பைதான். அது தனியாகப் போய்விட்டால் மீதியில் நாற்றம் பிடிக்க என்ன இருக்கிறது? எல்லாரும் பானை வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பின்பக்கம் வேப்பமரத்தடியில் இரண்டு செங்கல் தொட்டி கட்டினால் 72 வீட்டு ஈரக் குப்பையில் நல்ல பங்கு அங்கேயே முடிந்துவிடும். பம்மலில் தொண்ணூறுகளிலேயே பெண்கள் சேர்ந்து தங்கள் தெருக் குப்பையை உரமாக்கிக் காட்டினார்கள். இங்கிருந்து பம்மல் அரை மணி நேரம்; ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பேசிவிட்டு வரலாம்.

அந்த 100 ரூபாயை நான் நிறுத்தச் சொல்லவில்லை. 72 வீட்டுக்கு மாதம் 7,200 ரூபாய் ஆகிறது. அதை ஹவுஸ்கீப்பிங் இருவருக்கும் சம்பளமாகவே கூட்டிக் கொடுங்கள். பிரிக்கிற வேலை மட்டும் அவர்களுடையது இல்லை என்று தீர்மானத்தில் எழுதுங்கள். இரண்டு கைக்கும் நல்ல ரப்பர் கிளவுஸ், ஷூ, டாக்டர் சொல்கிறபடி டெட்டனஸ், மஞ்சள் காமாலைத் தடுப்பூசி சங்கச் செலவில் போட வேண்டும். ஊசி, உடைந்த கண்ணாடி, பழைய பிளேடு இதற்கெல்லாம் வீட்டில் ஒரு கெட்டியான பிளாஸ்டிக் டப்பா போதும்; மூடி போட்டு, மேலே ஊசி என்று பெரிதாக எழுதி ஒட்டி வையுங்கள். நான் பழைய ஹார்லிக்ஸ் டப்பாவில் வைத்திருக்கிறேன். நிறைந்ததும் எங்கள் டாக்டர் கிளினிக்கில் வாங்கிக்கொள்கிறார்கள். நாப்கின், டயப்பரைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையில் ஒரு குறி. பார்த்த உடனே தெரியும், திறக்க வேண்டியதில்லை.

ஒன்று விட்டுப்போனது. ஒரு வாரம் நம் குப்பையை எடை போட்டுப் பார்க்க வேண்டும். பேப்பர் கடைக்காரர் தராசு தருகிறேன் என்கிறார். ஒரு நாளைக்கு நூறு கிலோவைத் தாண்டினால் நாம் அதிகக் குப்பை உண்டாக்குகிற இடம் என்ற கணக்கில் வருவோம்; அப்படி வந்தால் ஈரக் குப்பையை இங்கேயே பார்த்துக்கொள்ள வேண்டிய கடமையும் வரும். நோட்டீஸ் வந்த பிறகு அவசரத்தில் செய்வதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. தினமும் எழுதிவைக்கப் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் மூன்று பேர் முன்வந்திருக்கிறார்கள்.

போன மாதத் தீர்மானத்தைத் திரும்பப் பெற்று, மேலே சொன்னதை வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முதல் பொருளாக எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். லிஃப்ட்டை அதற்கு அடுத்து வைத்துக்கொள்ளலாம். கூட்டத்துக்கு அந்த ஹவுஸ்கீப்பிங் அம்மாவையும் அழைத்திருக்கிறேன். முதலில் தயங்கினார், நான் எதுக்கும்மா அங்கே என்றார். அவர் கையைப் பற்றி நாம் முடிவு செய்யும்போது அவர் இல்லாமல் எப்படி என்று சொன்னேன். வருகிறேன் என்றிருக்கிறார். உட்கார ஒரு நாற்காலி கூடப் போட்டுவையுங்கள்.

அன்புடன்,
மூன்றாம் மாடி டீச்சர்